எலும்புக்குச் சொன்ன பொய்

ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் எழுதியிருக்காது. நாமாக முட்டி மோதித் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். சிலர் வெந்நீரில் வைப்பார்கள், சிலர் தரையில் தட்டுவார்கள். வடிவு திருகினாள். உள் டம்ளரை வலக்கையால் பிடித்து, வெளி டம்ளரை இடக்கையால் இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே திருகு. டம்ளர் கழன்று வந்தது. கூடவே மளுக்கென்று ஒரு சத்தமும் வந்தது.

டம்ளர்தான் நெளிந்துவிட்டது என்று நினைத்தாள். காபியைக் கலந்து குடித்துவிட்டு பஸ் ஏறி வேலைக்குப் போனாள். வழக்கம் போல நுண்ணோக்கியோடு மாரடித்தாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனபோதுதான் பார்த்தாள், இடது புறங்கை பன் மாதிரி உப்பிக் கிடந்தது. விரலால் அமுக்கினாள். உள்ளே நறநறவென்று ஏதோ உரசியது. ஆனால் வலிக்கவில்லை. கடுகளவுகூட வலிக்கவில்லை.

எலும்பு எப்படி நினைக்கிறது, எப்படிப் பேசுகிறது என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிறவள் டாக்டர் வடிவு. தன் கையில் எலும்பு முறிந்து அரை நாள் ஆனது அவளுக்கே தெரியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்!

எலும்பு மருத்துவர் சிரிக்கவே செய்தார். இரண்டு கைகளின் எக்ஸ்ரே படங்களையும் விளக்குக்கு முன்னால் மாட்டிவிட்டு, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வயசு மேடம்?"

"நாற்பத்தி நாலு."

"இந்த இடது கைக்குத் தொண்ணூறு. பாருங்க, அப்பளம் மாதிரி இருக்கு. இந்த வலது கை கபடி ஆடற பையனோடது. ரெண்டும் ஒரே ஆளோடதுதானா? இல்ல, எங்க பையன் படத்தை மாத்தி எடுத்துட்டானா?"

வடிவு சிரிக்கவில்லை.

"கையில ரெண்டு பட்டை போட்டிருந்தீங்களே, எக்ஸ்ரேக்காகக் கழட்டி வச்சீங்களே, அது என்ன?" என்றார் மருத்துவர்.

"எங்க ஆராய்ச்சி, டாக்டர். எலும்பும், தசையை எலும்போட கட்டி வச்சிருக்கிற நாரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். நீங்க ஒரு குடம் தண்ணி தூக்கினா அந்த நாருல இருக்கிற செல்லுக்குள்ள கால்சியம் குபுக்குன்னு ஏறும். அது பக்கத்து செல்லுக்குத் தொத்தும், அங்கிருந்து அதுக்குப் பக்கத்துல, அப்படியே அலையா எலும்பு வரைக்கும் போகும். 'பாரம் வந்திருக்கு, கட்டு'ன்னு அதுக்கு அர்த்தம். அதைக் கேட்டுத்தான் எலும்பு தன்னைத் தானே கட்டிக்குது. அந்த அலையோட தாளத்தை நாங்க பிடிச்சிட்டோம். பட்டை அதே தாளத்தைத் தோலுக்கு வெளியிலிருந்து வாசிக்கும். படுத்த படுக்கையா கிடக்கிறவரோட எலும்புகிட்ட, 'நீ இன்னிக்கு மலை ஏறி இறங்கினே'ன்னு சொல்லும். எலும்பு அப்படியே நம்பிடும்."

"பொய் சொல்றீங்க."

"நல்ல பொய், டாக்டர்."

மருத்துவர் இடது கைப் படத்தை விரலால் தட்டினார். "அப்ப இதுகிட்ட யாரு கெட்ட பொய் சொன்னது?"

வடிவுக்கு பதில் தெரியும். கழற்றி வைத்த பட்டைகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சொட்டு அளக்கிற பைப்பெட்டைப் பிடித்துப் பிடித்து அவளுடைய வலது முழங்கை நார் போன வருஷம் பிய்ந்து போயிருந்தது. ஆய்வகத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் வருகிற வியாதிதான். "பட்டையை முதல்ல உன் கையில கட்டிப் பார்ப்போம்ட்டி" என்றவள் அவளோடு ஆய்வு செய்கிற சிநேகிதி ரெஜினா. இரண்டு கையிலும் ஒவ்வொரு பட்டை. ஒன்று தாளம் வாசிக்கும், மற்றது சும்மா ஊமையாக இருக்கும். எது எது என்று போட்டிருக்கிறவளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மனசே கையைக் குணமாக்கிவிடும், சோதனை கெட்டுவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரெஜினா வந்து பட்டையில் தாளத்தை ஏற்றிவிட்டுப் போவாள். பட்டையைத் திருப்பினால் உட்பக்கம் சின்னத் திரையில் எல்லாம் தெரியும். வடிவு ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் சோதனை கெடும் என்பது ஒன்று. ரெஜியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்பது இன்னொன்று. உண்மையில் இந்த இரண்டாவதுதான் பெரிய காரணம்.

கட்டுப் போட்ட கையோடு ஆய்வகத்துக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, இடது கைப் பட்டையைத் திருப்பினாள். தாளம் வாசித்தது வலது கையில் என்றால் ஊமையாக இருக்க வேண்டிய இந்தப் பட்டை பேசிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். அவள் கண்டுபிடித்த அதே அலை, தலைகீழாக. கையில் பாரம் ஏறும்போதெல்லாம் கால்சியம் தலை தூக்கும், தூக்குகிற அந்தக் கணத்திலேயே பட்டை அதைத் தட்டி உட்கார வைக்கும். பாரம் ஒன்றும் வரவில்லை, நீ தூங்கு என்று எலும்பிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். பாரம் இல்லாத எலும்பு எதற்குத் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்? விண்வெளியில் மிதக்கிறவர்களின் எலும்பு கரைகிற மாதிரி, கோயம்புத்தூரில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற வடிவின் எலும்பு ஒரு வருஷமாகக் கரைந்திருந்தது.

பட்டைக்குத் தாளம் ஏற்றத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருத்தி அவள்.

ரெஜினா தன் வீட்டு அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி. கோயம்புத்தூர் மீனெல்லாம் இரண்டு தரம் செத்த மீன் என்று திட்டிக்கொண்டே வாரம் தவறாமல் வாங்குவாள். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரே அறையில் ஆரம்பித்த சிநேகிதம். ஒரே ஆய்வகம், ஒரே கண்டுபிடிப்பு, கட்டுரைகளில் இரண்டு பேர் பேரும் ஒட்டித்தான் வரும்.

"வா வா, குழம்பு கொதிக்கப் போவுது..." என்று திரும்பியவள் கையில் கட்டைப் பார்த்தாள். பார்த்ததும், என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவள் கேட்காததிலேயே வடிவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஒடிஞ்சிருச்சா?" என்றாள் ரெஜினா.

"ஒடிஞ்சிருச்சு. டம்ளரைத் திருகினேன், ஒடிஞ்சிருச்சு. உனக்கு முன்னாலேயே தெரியும், என்னா?"

"இவ்வளவு சீக்கிரம் ஒடியும்னு நினைக்கலட்டி."

"அப்ப கொஞ்சம் மெதுவா ஒடியும்னு நினைச்சே!"

ரெஜினா கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். குழாயை மூடியது வடிவுதான்.

"ஏன் ரெஜி?"

"எங்கம்மை கையைப் பாத்திருக்கேல்லா? உப்பளத்துல பெட்டி பெட்டியா சுமந்த கை. ராத்திரி முழுக்க முனங்கிட்டுக் கிடப்பா. நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சு அமுக்குவோம், அப்படியே தூங்கிப் போயிருவோம், அவ மட்டும் தூங்க மாட்டா. வலி எங்கிருந்து வருது? நாருல பாரம் தாங்காத போது அதே கால்சியம்தான் 'போதும்'னு கத்துது. நரம்பு அதைக் கேட்டு வலிக்குது. நீ அந்தச் சத்தத்தைக் கூட்டுறதுக்கு வழி கண்டுபிடிச்சே. நான் குறைக்கிறதுக்குக் கண்டுபிடிச்சேன். உழைக்கிறவளுக்கு வலிக்கவே கூடாதுன்னு நினைச்சது தப்பா?"

"சத்தத்தைக் குறைச்சா எலும்பு கரையும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆறு நாள் என் தாளம், ஞாயித்துக்கிழமை லீவுல உன் தாளம். ஆறு நாள் கரையுறதை ஒரு நாள்ல கட்டிரலாம்."

"கட்டும்னு யாரு சொன்னா?"

"கட்டும்."

"பாத்தியா? யார் கையிலாவது பாத்தியா?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். "உன் கையிலதான் அடுத்தாப்ல பாக்கலாம்னு இருந்தேன்."

வடிவு அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் பாவி! மிளகாய்ப்பொடி கொஞ்சம் கூடிவிட்டது, அடுத்த தடவை பார்க்கலாம் என்கிற மாதிரி.

"ஏட்டி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"உன்கிட்ட கேக்கணுமா?" ரெஜினா நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. அது நடிப்பில்லை, அதுதான் வடிவுக்குத் தாங்கவில்லை. "வேற ஒருத்தி கையில சொல்லாமக் கட்டியிருந்தா அது பாவம். நீயும் நானும் அப்படியா? உன் சேலையை நான் கேட்டுட்டா கட்டுதேன்? உன் வீட்டுச் சாவியைக் கேட்டுட்டா வாங்கினேன்? உன்கிட்ட எடுக்காத உரிமையை நான் வேற யார்கிட்டட்டி போயி எடுப்பேன்?"

"சேலையைத் துவைச்சு மடிச்சுத் திருப்பித் தந்தே. எலும்பை எப்படித் தருவே? நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியே ரெஜி!"

ரெஜினா அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சூலூர்ப் பக்கம் ஒரு பெரிய சரக்குக் கிடங்கு இருக்கிறது என்றும், வீட்டுக்கு வீடு வந்து இறங்குகிற பெட்டிகள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகின்றன என்றும், அங்கே பெட்டி தூக்குகிற பெண்களுக்குப் பட்டை வேண்டும் என்று அதன் முதலாளி ராக்கியப்பன் கேட்டிருக்கிறார் என்றும் அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை, பேச்சு அளவில்தான் இருக்கிறது, நாளைக்கே போய் முடியாது என்று சொல்லிவிடுகிறேன், அம்மை மேல் சத்தியம் என்றாள்.

வடிவு நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? கையை ஒடித்தவள் என்றாலும் ரெஜி ஆயிற்றே. குழம்பு கொதித்து இறங்கியபோது வழக்கம் போல உட்கார்ந்து சாப்பிடவும் செய்தாள்.

பட்டையைக் கழற்றி எறிந்து வாரங்கள் ஓடின. இடது கை பேசவில்லை. தொட்டால் தெரிந்தது, சூடு தெரிந்தது, எறும்பு கடித்தால்கூடத் தெரிந்தது. எலும்பு மட்டும் வலிக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. சொன்ன பொய்யை அது இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட இடத்தில் எலும்பு கூடுகிற அறிகுறியே இல்லை என்றார் மருத்துவர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ராக்கியப்பனிடமிருந்து போன் வந்தது.

"வணக்கமுங்க மேடம். ரெஜினா மேடம் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம், உடம்புக்குச் சொகமில்லைன்னாங்க. ஆனா எனக்கு மனசு கேக்கலீங்க. பட்டையைக் கண்டுபிடிச்சதுல நீங்களும் ஒருத்தருங்களே. நம்ம பொண்ணுங்க எல்லாத்துக்கும் கட்டியாச்சுங்க. ரெண்டு பேருத்துக்கும் ஒரு பொன்னாடை போத்தோணும்னு ஆசைங்க. நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

கட்டியாச்சு என்ற வார்த்தைக்கு மேல் அவர் சொன்ன எதுவும் வடிவின் காதில் ஏறவில்லை. சரிங்க, வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அம்மை மேல் சத்தியம் செய்துவிட்டு, அந்த அம்மை பேரையே கெடுத்துவிட்டாளே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் கை போனதற்குக்கூட இவ்வளவு எரியவில்லை.

கிடங்கு ஒரு விமான நிலையம் பெரிசுக்கு இருந்தது. அட்டைப்பெட்டிகள் ஒரு பக்கம் மலையாகக் குவிய, நீல மேலங்கி போட்ட பெண்கள் வரிசையாக நின்று தூக்கித் தூக்கி ஓடும் கன்வேயர் பெல்ட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய இரண்டு கையிலும் சாம்பல் நிறத்தில் அந்தப் பட்டை. வடிவு வழியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, டாக்டரம்மாங்களா?" தண்ணீர் குடிக்க வந்த ஒரு பெண் கேட்டாள். முப்பது வயசு இருக்கும். மார்பில் குத்தியிருந்த அட்டையில் பாப்பாத்தி என்று பேர் இருந்தது. "உங்க போட்டோவைக் காட்டினாங்க. நீங்க நல்லா இருக்கோணுமுங்க. இந்தக் கை இருக்குதே, ராத்திரி ஆச்சுன்னா கழட்டி வெச்சுரலாமான்னு இருக்குமுங்க, அத்தனை நோவு. இப்ப படுத்தா விடிஞ்சுதான் முழிப்பு வருது. எம்பட பையன் கேக்கறான், ஏம்மா இப்பெல்லாம் நீ என்னைத் திட்டறதே இல்லைன்னு!"

அவள் சிரித்தாள். வடிவு அவள் கைப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வேற தாளம் வைப்பாங்களா? வீட்டுக்குப் பட்டையைக் குடுத்து விடுவாங்களா?"

"ஞாயித்துக்கிழமையா? இல்லீங்களே. சனிக்கிழமை சாயந்திரம் கழட்டி வாங்கி வெச்சுக்குவாங்க. திங்கக்கிழமை வந்தாத்தான் கட்டுவாங்க."

"பாப்பாத்தி, இதைக் கழட்டிருங்க. இது உள்ள இருக்கிற எலும்பை அரிச்சிரும்."

சிரிப்பு மறைந்தது. அந்தப் பெண் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டாள், தின்பண்டத்தைப் பிடுங்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. இன்னி வரைக்கும் எங்களுக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் செஞ்சதில்லீங்க. இதைப் போய்க் கழட்டச் சொல்றீங்களே" என்றபடி வரிசைக்குப் போய்விட்டாள். போன வேகத்தில் ஒரு பெட்டியைத் தூக்கினாள். அந்தக் கைக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று அந்த இடத்தில் வடிவு ஒருத்திக்குத்தான் தெரியும்.

மாடி அறையில் ராக்கியப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, முகத்தில் நிஜமான மரியாதை. எதிரே ரெஜினா உட்கார்ந்திருந்தாள், தோளில் பொன்னாடை ஏற்கெனவே ஏறியிருந்தது. வடிவைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"வாங்க மேடம், வாங்க. காபி சொல்லட்டுங்களா?"

"காபி வேண்டாம் சார். அந்தப் பட்டையைக் கழட்டச் சொல்லுங்க. இதோ என் கை, ஒரு வருஷம் அதே பட்டையைப் போட்டிருந்த கை. டம்ளரைத் திருகினேன், எலும்பு ஒடிஞ்சது."

ராக்கியப்பன் ரெஜினாவைப் பார்த்தார். "ரெஜினா மேடம் சொன்னாங்களேங்க. உங்களுக்கு உடம்புலயே சுண்ணாம்புச் சத்து கம்மின்னு."

"அப்படியாட்டி சொன்னே?"

ரெஜினா ஜன்னலைப் பார்த்தாள்.

"என் வலது கையையும் படம் எடுத்துப் பாருங்க சார், இரும்பு மாதிரி இருக்கு. சத்து கம்மின்னா ரெண்டு கையிலயும்லா கம்மியா இருக்கணும்? ஞாயித்துக்கிழமை எலும்பைத் திருப்பிக் கட்டறதுக்கு வேற தாளம் வைக்கணும்னு இவ உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னாங்க. லீவு நாள்ல யாருங்க மேடம் வந்து கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா? அது வேண்டாம்னுட்டேன், சரின்னுட்டாங்க." அவர் குரலில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. "அதுவுமில்லாம நம்ம பொண்ணுங்க ஒரு வருசத்துக்கு மேல நிக்கறதில்லீங்க. கல்யாணம், கொளந்தைன்னு போயிருவாங்க. வேற பொண்ணுங்க வரும்."

"போன பிறகு ஒடிஞ்சா?"

"போன பிறகு அது அவங்கவங்க ஊட்டு விசயமுங்களே."

ராக்கியப்பன் கைகளைக் கோத்துக்கொண்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. "நான் படிக்காதவனுங்க. ஒரு மேடம் ஒடியும்ங்கறீங்க, ஒரு மேடம் ஒடியாதுங்கறாங்க. நான் யாரைங்க நம்பறது? கண்ணால பாத்தா நம்பறேன்."

அறை மூலையில் பார்வைக்கு வைத்த ஒரு பெட்டி இருந்தது, கீழே அந்தப் பெண்கள் தூக்குகிற அதே அளவு, மேலே நாடாப் பிடி. வடிவு எழுந்து போனாள். உள்ளங்கையில் கட்டு இருந்ததால் நாடாவுக்குள் இடது கையை நுழைத்து, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

"வடிவு, வேண்டாம்!" ரெஜினா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "வேண்டாம்ட்டி, சொன்னாக் கேளு!"

"ஏன், ஒடியாதுன்னுதானே சொன்னே?"

தூக்கினாள். பெட்டி தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. பிறகு அந்தச் சத்தம். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம், அறையில் இருந்த மூன்று பேரும் கேட்டார்கள். பெட்டி விழுந்தது. மூட்டே இல்லாத இடத்தில் வடிவின் கை மடங்கித் தொங்கியது.

ராக்கியப்பன் "ஐயோ சாமி!" என்று எழுந்தார்.

வலிக்கவில்லை. ஒடிகிற அதிர்வு தோள் வரைக்கும் வந்தது, அவ்வளவுதான். வடிவு நிமிர்ந்து, "பார்த்தீங்களா?" என்று சொல்ல வாயெடுத்தவள், ராக்கியப்பனின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் ஒடிந்த கையைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமைதியாக இருந்த அந்த முகத்தை. அவருடைய பயத்துக்குள்ளே வேறு என்னமோ மெல்ல விழிப்பதை அவள் கண்டாள். எலும்பு இரண்டாக ஒடிந்து தொங்குகிறது, இவள் நின்று பேசப் போகிறாளே!

ஐயோ, தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்கு ஒடிவது கணக்கே இல்லை. வலிப்பதுதான் கணக்கு. வலித்தால்தான் வேலை நிற்கும்.

அவள் கத்தினாள். வாழ்க்கையில் ஒரு பள்ளிக்கூட நாடகத்தில்கூட நடிக்காதவள், தன் ஆய்வில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தி எழுதாதவள், தரையில் மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "அம்மா! வலிக்குதே! உயிர் போவுதே!" தொண்டை கிழியக் கத்தினாள். கீழே இருக்கிற பாப்பாத்திக்குக் கேட்க வேண்டும், ஒவ்வொருத்திக்கும் கேட்க வேண்டும் என்று கத்தினாள்.

ராக்கியப்பன் பாய்ந்து மேசையில் இருந்த போனை எடுத்தார். "அலோ, சூப்பர்வைசருங்களா? லைனை நிறுத்துங்க. ஆமா, இப்பவே. ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க. பொண்ணுங்க கையில இருக்கற பட்டையை எல்லாம்..."

ரெஜினா ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். தோளில் இருந்த பொன்னாடையை உருவி, நான்காக மடித்து, ஒடிந்த கைக்கு அடியில் பதமாகக் கொடுத்துத் தாங்கினாள். எலும்பு முனை சதையைக் குத்திவிடக் கூடாது என்று, பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்தாள். அவள் கண்ணீர் வடிவின் கையில் விழுந்தது, சூடாக.

வடிவு கத்திக்கொண்டே அவளைப் பார்த்தாள். வேறு ஒன்றும் வேண்டாம், சும்மா இரு, இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு சும்மா இரு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஹாஸ்டல் நாளிலிருந்தே அவள் கண்ணைப் படிக்கத் தெரிந்தவள் ரெஜினா ஒருத்திதான். இப்போதும் படித்தாள். படித்தது முகத்தில் தெரிந்தது.

"மன்னிச்சிருட்டி" என்று காதோரம் சொன்னாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

"போனை வைங்க சார். அவ நடிக்கா. அவளுக்கு வலிக்கல."

வடிவின் கத்தல் பாதியில் நின்றது. நின்றிருக்கக் கூடாது, ஆனால் நின்றுவிட்டது. கீழே இயந்திரங்கள் ஓய்ந்து, பெண்கள் என்ன என்ன என்று கேட்கிற குரல்கள் படி வழியாக ஏறி வந்தன. போனுக்குள்ளிருந்து சூப்பர்வைசர், "பட்டையை என்னங்க பண்ணோணும்? அலோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ராக்கியப்பன் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். நாற்காலியை வடிவின் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குனிந்து, அவளுடைய ஈரமில்லாத கண்களைப் பார்த்தார்.

"நெசமாலுமே வலிக்கலீங்களா, மேடம்?" என்று கேட்டார்.